அட்டையை வளைக்கும் காற்று

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடு ஒன்றில் பத்தடிக்குப் பத்தடி படுக்கையறை. உயரம் ஒன்பதடி. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. வெப்பநிலை 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. கோலாலம்பூரில் இது விசேஷமான நாள் ஒன்றும் இல்லை. அந்த அறைக் காற்றில் ஆவியாகக் கலந்திருக்கும் தண்ணீரை எல்லாம் வடித்தெடுத்தால் எவ்வளவு தேறும்? ஏறக்குறைய 550 கிராம். அரை லிட்டர் பாட்டில் நிரம்பி வழிந்துவிடும். கூரை ஒழுகவில்லை, ஜன்னல் சாத்தியிருக்கிறது, அறை காய்ந்துதான் கிடக்கிறது என்று நம்பிக்கொண்டு, அத்தனை தண்ணீருக்கு நடுவே தூங்கி எழுகிறோம்.

நமக்கு அதனால் வியர்வையைத் தவிரப் பெரிய தொல்லை இல்லை. அலமாரியில் இருக்கும் கூடைப்பந்து அட்டைக்குத்தான் தொல்லை. 63.5 மில்லிமீட்டர் அகலம், 88.9 மில்லிமீட்டர் உயரம், இரண்டு கிராம்கூடத் தேறாத எடை. இந்தச் சிறு காகிதத் துண்டு அறைக் காற்றோடு இரவும் பகலும் தண்ணீரைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. ‘கூடைப்பந்து அட்டை சேர்க்கலாம் என்றிருக்கிறேன், முதலில் எதை வாங்குவது?’ என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் யாராவது கேட்டால், நான் ஆட்டக்காரர் பெயர் எதையும் சொல்ல மாட்டேன். பத்து, இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் ஓர் ஈரப்பதமானியை வாங்கச் சொல்வேன். அட்டை அப்புறம்.

இந்த ஆட்டம் நம் தெருவுக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நேஸ்மித், பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்காகப் பழக்கூடைகளை மாடத்துக் கைப்பிடியில் மாட்டிக் கூடைப்பந்தை உண்டாக்கினார். ஒய்.எம்.சி.ஏ. போன ஊருக்கெல்லாம் ஆட்டமும் கூடவே போனது. 1895-இல் சீனாவின் தியான்ஜின் நகரத்தைத் தொட்டது. மலாயாவில் சீனப் பள்ளிகளிலும் சங்கங்களிலும் அது வேர்பிடித்தது இப்படித்தான். தமிழ்ப்பள்ளித் திடல்களில் கால்பந்துதான் ராஜா. ஆனாலும் ஜாலான் ஹாங் ஜெபாட்டில் உள்ள மாபா அரங்கத்தில் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் அணி 2016-இல் ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்றதும், அந்த அணிக்குப் பெயர் தந்த துறைமுகம் கிள்ளானுக்கு அருகே புலாவ் இண்டாவில் இருப்பதும் இந்தப் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமை.

அட்டைகளோ முழுக்க அமெரிக்கச் சரக்கு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே செருகிய தடித்த காகிதம்தான் அவற்றின் மூதாதை. கூடைப்பந்துக்கென்று முதல் பெரிய தொகுப்பை 1948-இல் பௌமன் நிறுவனம் வெளியிட்டது. சேர்ப்பவர்கள் வாயில் அதிகம் புரளும் தொகுப்பு 1986-87 ஃபிளீர்: மொத்தம் 132 அட்டைகள், அதில் 57-ஆம் எண் மைக்கேல் ஜோர்டன்.

அந்த 57-ஆம் எண்ணை வைத்தே ஒரு விஷயத்தைப் பார்க்கலாம். 2021 ஜனவரியில் இந்த அட்டையின் இரண்டு பிரதிகள் ஏலத்தில் தலா 7,38,000 டாலருக்குப் போயின. இரண்டுமே பி.எஸ்.ஏ. என்ற தரமிடும் நிறுவனம் 10-க்கு 10 கொடுத்தவை. அந்த மதிப்பெண் பெற்ற பிரதிகள் முன்னூற்றுச் சொச்சம்தான். 9 வாங்கிய பிரதிகள் அதைவிடப் பல மடங்கு மலிவு; 5, 6 வாங்கியவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆட்டக்காரர் ஒருவரே, படம் ஒன்றே, அச்சிட்ட ஆண்டும் ஒன்றே. வேறுபடுவது நான்கு மூலைகளின் கூர்மை, ஓரங்களின் வெண்மை, மேற்பரப்பின் பளபளப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் நேர்த்தி. இடது வலது ஓரங்களின் பங்கு 55-க்கு 45 என்ற அளவைத் தாண்டிச் சரிந்தால் 10 கிடைப்பது கடினம். அதாவது விலை ஜோர்டனுக்கு மட்டும் அல்ல. முப்பது ஆண்டுக்கு மேலாகக் காகிதத்துக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கும் சேர்த்துத்தான். (இந்த 7,38,000-ஐப் பார்த்து யாரும் இதை முதலீடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே ஆண்டு நடுப்பகுதிக்குள் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.)

காகிதத்தின் நிலைக்கு இவ்வளவு காசு என்றால் ஏமாற்று வராமல் இருக்குமா? 1909-க்கும் 1911-க்கும் இடையில் சிகரெட்டோடு வந்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் அட்டை, 1991-இல் பி.எஸ்.ஏ. தரமிட்ட முதல் அட்டை. 8 மதிப்பெண் பெற்றது. 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. அத்தனை கூர்மையான ஓரங்கள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு 2013-இல் பதில் கிடைத்தது. அதை ஒரு காலத்தில் கையில் வைத்திருந்த ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை வெட்டிச் சீராக்கியது தானே என்று வழக்கில் ஒப்புக்கொண்டார். 

சரி, காகிதத்துக்கு வருவோம். காகிதம் என்பது மரநார்களின் பின்னல். நாரின் பெரும்பகுதி செல்லுலோஸ். அந்த மூலக்கூறின் நெடுகிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்ஸில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறைக் கண்டால் பற்றிக்கொள்வது அவற்றின் சுபாவம். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் 100 கிராம் காகிதத்தில் ஆறேழு கிராம் தண்ணீர் தங்கியிருக்கும். 80 விழுக்காட்டில் அது பத்து கிராமைத் தாண்டும். தொட்டுப் பார்த்தால் இரண்டும் ‘காய்ந்த’ காகிதம்தான்.

தண்ணீர் உள்ளே போனதும் நார் பருக்கிறது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல: குறுக்குவாட்டில் நன்றாகப் பருக்கும், நீளவாட்டில் அசையவே அசையாது என்று சொல்லிவிடலாம். ஆலையில் காகிதக்கூழ் ஓடும் வலைமேல் பாயும்போது நார்களில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு ‘நார்த்திசை’ உண்டு; ஈரம் ஏறும்போது அந்தத் திசைக்குக் குறுக்கேதான் அது விரிகிறது.

இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் பழைய காகித அட்டை இதைச் சமாளித்துக்கொள்ளும். சிக்கல் 1990-களில் வந்த மினுமினுப்பு அட்டைகளில். 1993-இல் டாப்ஸ் நிறுவனம் ஃபைனஸ்ட் என்ற தொகுப்பில் வானவில்போல் ஒளிரும் அட்டைகளைக் கொண்டுவந்தது. 1996-97-இல் அதன் குரோம் தொகுப்பில் கோபி பிரையன்ட்டின் முதல் பருவ அட்டை வந்தது. இன்றைக்குப் பையன்கள் அதிகம் தேடும் அட்டைகளில் பெரும்பாலானவை இந்தப் பரம்பரைதான். இவற்றின் முன்புறம் பிளாஸ்டிக் படலம், பின்புறம் காகிதம். படலம் தண்ணீர் குடிக்காது, காகிதம் குடிக்கும். ஒருபுறம் நீள, மறுபுறம் நீளாமல் நிற்க, அட்டை வளைந்தே தீர வேண்டும். 63.5 மில்லிமீட்டர் அகலத்தில் காகிதப் பக்கம் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு நீண்டாலே போதும், ஓரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மேலே தூக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நீட்சியைப் பத்து மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது வளைவு. வெயிலில் காயவைத்த அப்பளம் மேற்பக்கம் முதலில் சுருங்கி ஓரம் மடங்குவதும் இதே கணக்குதான். அங்கே ஈரம் போகிறது, இங்கே வருகிறது.

ஊரில் ஈரம் எப்போதும் 80 விழுக்காடாகவே நின்றிருந்தால்கூட அட்டை ஒரு நிலைக்கு வந்து ஓய்ந்துவிடும். அது நிற்பதில்லை. காற்றில் உள்ள தண்ணீரின் அளவு மாறாமலே, வெயில் ஏறி வெப்பநிலை 33 டிகிரி ஆனால் ஈரப்பதம் 61 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும், ஏனென்றால் சூடான காற்றுக்கு அதிக ஆவியைத் தாங்கும் கொள்ளளவு உண்டு. அதே காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் 100-ஐத் தொடும். விடிகாலையில் காகிதம் விரிகிறது, பிற்பகலில் சுருங்குகிறது, நாலு மணி மழைக்குப் பிறகு மறுபடி விரிகிறது. ஒரு நாள் இரு நாள் அல்ல, ஆண்டு முழுக்க.

ஏர்கோன் இருக்கிறதே என்பார்கள். இருப்பதுதான் சில சமயம் ஆபத்து. 28 டிகிரி, 80 விழுக்காடு ஈரம் உள்ள காற்றின் பனிநிலை சுமார் 24 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எதன்மேல் அந்தக் காற்று பட்டாலும் ஆவி தண்ணீராக மாறிப் படியும். பேரங்காடியின் குளிரிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதல்லவா, அதேதான். 22 டிகிரி அறையில் மணிக்கணக்காகக் கிடந்த அட்டையை எடுத்துக்கொண்டு மாமாக் கடைக்கு வந்து, உறையை உருவி நண்பனுக்குக் காட்டினால், காட்டும்போதே மேற்பரப்பில் நுண்துளிகள் படிகின்றன. பளபளப்பான இரண்டு அட்டைகள் அந்த நிலையில் ஒன்றோடொன்று அழுந்திக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது மைத்தோல் உரியும். பெட்டியை மூடியபடியே வெளியே கொண்டுவந்து, அது வெளிச்சூட்டுக்கு வரும்வரை அரை மணி காத்திருந்து திறப்பதுதான் ஒரே வழி. பொறுமை வேண்டும்.

ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சையும் வரும். அதற்குத் தேவையான வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. ஈரம் ஒன்றுதான் பாக்கி. அதன் பின்னாலேயே இராமபாணப் பூச்சி. காகிதத்திலும் பசையிலும் உள்ள மாவுச்சத்து அதற்கு விருந்து. நம் முன்னோர்கள் இதே எதிரிகளோடுதான் பல நூற்றாண்டு மல்லுக்கட்டினார்கள். ஓலைச்சுவடிக்கு எண்ணெய் தடவினார்கள், பழுதானதைப் புதிய ஓலையில் படி எடுத்தார்கள். அட்டைக்கு எண்ணெய் தடவ முடியாது, படியெடுத்தால் அது போலி. ஆகவே காற்றைத்தான் மாற்ற வேண்டும்.

பேரங்காடிகளில் கிடைக்கும் நீர்யானைப் படம் போட்ட ஈரம் உறிஞ்சி டப்பாக்களை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் இருப்பது கால்சியம் குளோரைடு. உறிஞ்சி உறிஞ்சி அதுவே கரைந்து உப்புநீராகிவிடும் அளவுக்குப் பேராசை பிடித்த உப்பு. துணி அலமாரிக்கு நல்லது. அட்டைப் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்; கவிழ்ந்தால் கதை முடிந்தது. சிலிகா ஜெல் அப்படிக் கரையாது. நுண்துளைகளில் நீரைத் தேக்கிக்கொண்டு மணியாகவே இருக்கும்.

ஆனால் எவ்வளவு சிலிகா ஜெல்? காலணிப் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதி அடைகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 30 லிட்டர் கொள்ளளவுள்ள காற்றுப்புகாப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றில் இருக்கும் ஆவி வெறும் 0.65 கிராம். அதைக் குடிக்கச் சின்னப் பொட்டலமே அதிகம். பெட்டிக்குள் 500 அட்டைகள் இருந்தால் அவற்றின் எடை சுமார் 900 கிராம். 80 விழுக்காட்டு ஈரத்தில் வாழ்ந்த அந்த அட்டைகளுக்குள் 90 கிராம் தண்ணீர் இருக்கிறது. அவற்றை 50 விழுக்காட்டு நிலைக்குக் கொண்டுவர சுமார் 30 கிராம் வெளியே வர வேண்டும். காற்றில் இருப்பதைப்போல் நாற்பது, ஐம்பது மடங்கு! உலர்த்த வேண்டியது காற்றை அல்ல, அட்டைகளை. அந்த நிலையில் சிலிகா ஜெல் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீரைத்தான் தாங்கும் என்பதால் 150 கிராமாவது போட வேண்டும். நிறம் மாறியதும் எடுத்து 120 டிகிரி ஓவனில் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையே நல்லது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் பழைய வகையில் கோபால்ட் உண்டு, அது நஞ்சு.

அளவுக்கு மீறி உலர்த்துவதும் கெடுதல். 30 விழுக்காட்டுக்குக் கீழே போனால் காகிதப் பக்கம் சுருங்கி அட்டை எதிர்ப்புறம் வளையும். 45-க்கும் 55-க்கும் இடையில் முள் நின்றால் போதும். ஈரப்பதமானியை முதலில் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். சில நூறு வெள்ளி செலவழிக்க முடிந்தவர்கள், புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் மின்சார உலர்பெட்டியை வாங்கிவிடலாம். அது தானே அளவைப் பார்த்துக்கொள்ளும்.

உறை விஷயத்தில் ஒன்றே ஒன்று. மெல்லிய உறை பாலிபுரொபிலீனாக இருக்கட்டும். மெத்தென்ற பி.வி.சி. ஏடுகளில் மென்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பசையான வேதிப்பொருள் காலப்போக்கில் கசிந்து அட்டையில் ஒட்டும், இந்தச் சூட்டில் இன்னும் வேகமாக.

அடுத்த எதிரி வெளிச்சம். பிரிக்ஃபீல்ட்ஸ் முடிதிருத்தும் கடைகளிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கண்ணாடிக்குப் பின்னால் ஆண்டுக்கணக்காக ஒட்டியிருக்கும் நடிகர் படங்களைப் பாருங்கள். எல்லாரும் நீலம் பாரித்துப்போயிருப்பார்கள். நான்கு வண்ண அச்சில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் சாகின்றன. புற ஊதா ஒளித்துகளின் ஆற்றல் அந்தச் சாய மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்துவிடுகிறது. நீலப்பச்சை மை அதிகம் தாங்கும். கையெழுத்திட்ட அட்டையில் பேனா மை அதற்கும் முன்பே வெளிறும். அட்டையை ஜன்னலுக்கு எதிரே மாட்டி அழகு பார்ப்பவர் அதன் ஆயுளைத் தவணை முறையில் செலவழிக்கிறார்.

இனி வாங்குவது. பாக்கெட் பிரிக்கும் பரபரப்புக்கு ஈடில்லைதான், ஆனால் அதன் கணிதம் வாங்குபவர் பக்கம் இல்லை. 132 அட்டைத் தொகுப்பு ஒன்று. ஒவ்வொரு அட்டையும் சம வாய்ப்பில் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதித் தொகுப்பை, அதாவது 66 வெவ்வேறு அட்டைகளைச் சேர்க்கச் சராசரியாக 91 அட்டைகள் வாங்கினால் போதும். ‘அட, இவ்வளவு சுலபமா’ என்று தோன்றும். மீதிப் பாதிக்கு? இன்னும் 630. மொத்தம் 721. கடைசி ஓர் அட்டைக்கு மட்டுமே சராசரியாக 132 அட்டைகள் வாங்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த நிலையில் கைக்கு வருவதில் 132-இல் 131 ஏற்கெனவே இருப்பவை. பள்ளிக்கூட ஓய்வு நேரத்தில் பையன்கள் செய்யும் பண்டமாற்று இந்தக் கணிதத்துக்கு நேரடியான மருந்து. எனக்கு உபரி, உனக்குக் கடைசி அட்டை. நாலு பேர் கூட்டுச் சேர்ந்தால் தலைக்கு ஆகும் செலவு மளமளவென்று குறையும்.

பாக்கெட்டில் ‘36-க்கு ஒன்று’ என்று அச்சிட்டிருந்தால், 36 பாக்கெட் வாங்கினால் அந்த அபூர்வ அட்டை நிச்சயம் என்று பொருள் அல்ல. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அது இல்லாமல் போகும் வாய்ப்பு 36-இல் 35. அதை 36 முறை பெருக்கினால் 0.36 வரும். அதாவது 36 பாக்கெட் பிரித்தவர்களில் நூற்றுக்கு 36 பேர் வெறுங்கையோடு எழுந்திருப்பார்கள். 36-க்குப் பதில் 100 என்றாலும் 1,000 என்றாலும் விடை ஏறக்குறைய இதே 36, 37 விழுக்காட்டில்தான் வந்து நிற்கும். 1-ஐ ‘இ’ என்ற மாறிலியால், அதாவது 2.718-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அது. இந்தத் தொழில் அந்த எண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். தொடக்கத்தில் இருப்பவர் பிடித்த ஆட்டக்காரரின் அட்டையைத் தனியாக விலைக்கு வாங்குவதே புத்திசாலித்தனம்.

தனியாக வாங்கும்போது போலி வரும். பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தைபோல் பழம்பொருள் பரப்பும் இடங்களுக்குப் போகும்போது பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். அச்சில் படம் என்பது புள்ளிகளின் கோலம். நாலு வண்ணப் புள்ளிகளும் வெவ்வேறு கோணத்தில் அமைந்து ரோஜா இதழ்போன்ற சிறு வட்டங்களை உண்டாக்கும். அங்குலத்துக்கு 150 வரிசை என்றால் புள்ளிக்குப் புள்ளி 0.17 மில்லிமீட்டர். வெறுங்கண் அதைக் கலந்து வண்ணமாகப் பார்க்கிறது, கண்ணாடி பிரித்துக் காட்டிவிடுகிறது. அசலில் பெயர், எண், கறுப்புக் கோடு ஆகியவை பெரும்பாலும் தனி மையில் அழுத்தமாக, புள்ளி இல்லாமல் விழுந்திருக்கும். அசலை ஸ்கேன் செய்து திரும்ப அச்சிட்ட போலியில் எழுத்தும் புள்ளிகளாக உடைந்திருக்கும். புள்ளிமேல் புள்ளி ஏறி, படத்தில் அலையலையான கோலமும் தெரியும். 1986 ஜோர்டன் அட்டையைப்போல் போலிகள் மலிந்த கூடைப்பந்து அட்டை வேறு இல்லை. சந்தையில் அதை யாராவது ‘உங்களுக்காக’ நூறு வெள்ளிக்குத் தந்தால் கண்ணாடிகூட வேண்டாம், நடையைக் கட்டலாம். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்குவோருக்கு இன்னொரு கணக்கு: 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

2025 ஆகஸ்டில் ஜோர்டனும் கோபியும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே ஓர் அட்டை 1 கோடியே 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதை மறந்துவிட்டு, 1990-91 ஹூப்ஸ் தொகுப்பைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் நிறுவனங்கள் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளியதால் இன்றும் அவற்றில் பெரும்பாலானவை சில வெள்ளிக்குள் கிடைக்கும். அதிலும் கதை உண்டு: 205-ஆம் எண், மார்க் ஜாக்சன். பந்தோடு நிற்கும் அவருக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இரு இளைஞர்கள், பெற்றோரைக் கொன்ற வழக்கில் உலகப் புகழ் பெற்ற மெனென்டஸ் சகோதரர்கள். அட்டை வெளியாகி கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, 2018-இல்தான் ஊருக்கு இது தெரிய வந்தது.

இப்படிப்பட்ட மலிவான காகித அட்டை இரண்டு, ஒரு சாதாரண ஆட்டக்காரரின் மினுமினுப்பு அட்டை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றை உலர்பெட்டியில் வையுங்கள், ஒன்றை அலமாரியில் விடுங்கள். மழை வலுக்கும் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும், வறட்சியான ஜூன், ஜூலையிலும் நான்கையும் கண்ணாடித் தட்டின்மேல் மல்லாத்தி வைத்து ஓரம் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று அளந்து, பக்கத்தில் ஈரப்பதமானி காட்டும் எண்ணையும் குறித்து வாருங்கள். விடிகாலை ஒருமுறை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை. காகித அட்டைகள் அதிகம் அசையாது. அலமாரியில் விட்ட மினுமினுப்பு அட்டைதான் முதலில் ஓரம் தூக்கும், அதுவும் விடிகாலையில்.